சவுண்ட் கார்டின் சுருதித் துல்லியத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது?

கேள்வி

வணக்கம். இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். அந்த மென்பொருள் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் மூன்று தசம இடங்கள் வரையிலும், விலகலைப் பத்தில் ஒரு சென்ட் (சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) வரையிலும் காட்டும். அண்மையில் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்த பிறகு ஒரு முரண்பாடு கண்ணில் பட்டது. கையடக்க எலக்ட்ரானிக் டியூனர் ஒன்று எழுப்பும் 440 ஹெர்ட்ஸ் ஒலியை மடிக்கணினியில் உள்ள சவுண்ட் கார்டு வழியாகக் கொடுத்தால் 440.020 என்று வருகிறது. அதே ஒலியை இன்டர்ஃபேஸ் வழியாகக் கொடுத்தால் 439.990 என்று வருகிறது. இடைவெளி சிறியதுதான் என்றாலும், எப்போது அளந்தாலும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

எது சரி என்று அறிய, ஒவ்வொரு சாதனத்தின் வெளியீட்டையும் அதன் உள்ளீட்டிலேயே கம்பியால் இணைத்து, மென்பொருளில் உருவாக்கிய 440 ஹெர்ட்ஸ் அலையை ஒலிக்கவிட்டுப் பதிவுசெய்து பார்த்தேன். இரண்டிலும் 440.000 என்றே வந்தது. அப்படியானால் இரண்டுமே துல்லியமானவை என்று கொள்வதா? அவ்வாறு கொண்டால், வெளியிலிருந்து வரும் ஒரே ஒலிக்கு இரண்டும் வெவ்வேறு விடை தருவது ஏன்? என்னிடம் நல்ல எஃகு இசைக்கவை ஒன்று இருக்கிறது. அதை ஆதாரமாக வைத்து அளவுத்திருத்தம் செய்யலாமா, அல்லது வேறு நம்பகமான ஆதாரம் தேவைப்படுமா? எண்ணைக் கண்டுபிடித்த பிறகு திருத்தத்தை எந்தப் பக்கம் செலுத்த வேண்டும் என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம். கம்பியால் இணைத்துச் செய்த சோதனையைக் கணக்கிலிருந்து முதலில் நீக்கிவிடுங்கள். எந்தக் கார்டை எடுத்துக்கொண்டாலும், அதன் பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தச் சோதனையில் 440.000 என்றுதான் வரும். ஒலியை வெளியே அனுப்பும் பகுதியும் உள்வாங்கும் பகுதியும் ஒரே குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பில் இயங்குவதே அதற்குக் காரணம். நொடிக்கு 48,000 சாம்பிள் (அலையை அளந்து எடுக்கும் எண்) என்று பெயரளவில் சொல்லப்படும் வீதம், படிகம் சற்று வேகமாக ஓடுவதால் உண்மையில் 48,001.44 ஆக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 440 ஹெர்ட்ஸுக்கென்று கணக்கிட்டு அனுப்பிய சாம்பிள்கள் அந்த வேகத்தில் வெளியேறுவதால், கம்பியில் ஓடும் அலை 440.0132 ஹெர்ட்ஸாகிவிடும். ஆனால் அந்த அலை உள்ளே வரும்போது அதே வேகமான துடிப்பில்தான் சாம்பிள் எடுக்கப்படுகிறது என்பதால், ஒரு சுழற்சிக்கு எத்தனை சாம்பிள்கள் போயினவோ அத்தனையே திரும்பி வருகின்றன, மென்பொருளும் அதை 440 என்றே படிக்கிறது. ஓர் அளவுகோலை அதன்மேலேயே வைத்து அளந்தால் கிடைக்கும் விடையும் இத்தகையதுதான்.

திருத்தத்தின் திசை குறித்து நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. படிகம் வேகமாக ஓடும் கார்டில், ஒலிக்கவிடும் சுருதி கூடும், வெளியிலிருந்து பதிவாகும் சுருதி குறைந்து காட்டும். அதாவது ஒரே பிழை இரண்டு வழிகளில் எதிரெதிர்த் திசையில் வெளிப்படுகிறது. மேற்சொன்ன கார்டில் அளக்கும்போது காட்டும் எண்ணை 1.00003 ஆல் பெருக்க வேண்டும். ஒலிக்கவிடும்போது 440 வேண்டுமானால், மென்பொருளிடம் 439.9868 கேட்க வேண்டும். பலரும் ஒரே எண்ணை இரண்டு பக்கமும் ஒரே திசையில் செலுத்திப் பிழையை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். மென்பொருளில் உண்மையான சாம்பிள் ரேட்டைத் தட்டச்சு செய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அப்போது திசையைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

இனி அளவு. சவுண்ட் கார்டுகளில் வரும் சாதாரணப் படிகங்களின் பிழை பத்து லட்சத்தில் 20 முதல் 100 பங்கு வரை, அதாவது 20 முதல் 100 பிபிஎம் வரை, இருபுறமும் இருக்கலாம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 578 பிபிஎம். 440 ஹெர்ட்ஸில் அது சுமார் 0.254 ஹெர்ட்ஸ். ஆகவே 100 பிபிஎம் பிழையுள்ள கார்டுகூட 0.17 சென்ட் அளவே விலகும். உங்கள் இரண்டு சாதனங்களுக்கும் இடையிலுள்ள 0.030 ஹெர்ட்ஸ் வேறுபாடு 68 பிபிஎம், அதாவது 0.12 சென்ட். பழுது எதுவும் இல்லாத, நன்றாக இயங்கும் இரண்டு சாதனங்களுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறொன்று. உங்கள் எலக்ட்ரானிக் டியூனருக்குள்ளும் ஒரு படிகம்தான் இருக்கிறது, அதற்கும் அதே அளவு பிழை இருக்கக்கூடும். எனவே 440.020, 439.990 என்ற இரண்டு எண்களில் எதையும் தனியாக நம்ப முடியாது. அவற்றுக்கு இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே நம்பத்தக்க செய்தி.

சுருதி சேர்க்கும் வேலைக்கு இந்தத் திருத்தம் கட்டாயமில்லை என்பது என் கருத்து. இரண்டு ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது பெரும்பாலானோர் ஐந்தாறு சென்ட் வேறுபாட்டைத்தான் உணர்கிறார்கள். சேர்ந்து ஒலிக்கும்போது எழும் விம்மல்கள் (ஒலி மாறிமாறிக் கூடிக் குறைவது) மிக நுண்ணிய வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கும் என்றாலும், 30 பிபிஎம் வேறுபாட்டில் 440 ஹெர்ட்ஸில் ஒரு விம்மல் முடிய 76 நொடிகள் ஆகும். அவ்வளவு நேரம் நிலைத்து நிற்கும் நரம்பு எந்தக் கருவியிலும் இல்லை. ஆனால் இரண்டு சாதனங்களில் தனித்தனியாகப் பதிவுசெய்து பிறகு ஒன்றாகச் சேர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. 68 பிபிஎம் வேறுபாடு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழக் கால் நொடியாக வளர்ந்து, கேட்பவர் எவருக்கும் புலப்படும் பிசகாகிவிடும்.

இரண்டாம் பதில்

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். இசைக்கவை பற்றியும் ஆதாரங்களைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

இசைக்கவையை இந்த வேலைக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். சாதாரண எஃகினால் ஆன கவையின் அதிர்வெண் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் சுமார் 110 பிபிஎம் குறையும். 440 ஹெர்ட்ஸ் கவையில் அது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 ஹெர்ட்ஸ். நீங்கள் துரத்திக்கொண்டிருக்கும் 0.030 ஹெர்ட்ஸ், ஒரு டிகிரிக்கும் குறைவான வெப்பநிலை மாற்றத்தில் அடங்கிவிடுகிறது. கவையைக் கையில் சிறிது நேரம் பிடித்திருந்தாலே விரலின் சூடு அந்த மாற்றத்தை உண்டாக்கிவிடும். மேலும், அது எந்த வெப்பநிலையில் 440 ஆகச் சீர்செய்யப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். காதால் சுருதி சேர்ப்பதற்கு அது மிகச் சிறந்த துணை. படிகத்தைச் சோதிக்கத்தான் போதாது.

இணையத்தில் கிடைக்கும் 440 ஹெர்ட்ஸ் காணொளிகளையும் ஒலிக்கோப்புகளையும் ஆதாரமாகக் கருதக் கூடாது. அவை எங்கிருந்து வந்தாலும் உங்கள் கார்டின் துடிப்பில்தான் ஒலிக்கின்றன. ஆகவே அது நீங்கள் ஏற்கெனவே செய்த கம்பிச் சோதனையின் மறுவடிவம் மட்டுமே.

உண்மையான ஆதாரம் என்பது அணுக் கடிகாரத்தில் வேர் கொண்டதாக இருக்க வேண்டும். சிற்றலை வானொலி வைத்திருப்பவர்களுக்கு நேரக்குறி ஒலிபரப்புகள் ஒரு வழி. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து ஒலிபரப்பாகும் டபிள்யூடபிள்யூவி, ஹவாயின் காவாய் தீவிலிருந்து ஒலிபரப்பாகும் டபிள்யூடபிள்யூவிஹெச் ஆகிய இரண்டு நிலையங்களும் 2.5, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. பெரும்பாலான நிமிடங்களில் 500 ஹெர்ட்ஸ் அல்லது 600 ஹெர்ட்ஸ் ஒலி மாறிமாறி ஒலிக்கும், ஒவ்வொன்றும் சுமார் 45 நொடிகள் நீடிக்கும். இசைக்கலைஞர்களுக்கு உதவும் 440 ஹெர்ட்ஸ் ஒலியும் மணிக்கொரு முறை வரும். அளவுத்திருத்தத்துக்கு 600 ஹெர்ட்ஸையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அது அடிக்கடி கிடைக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வானொலியை ஏ.எம். நிலையில் வைத்துத்தான் கேட்க வேண்டும். அந்த நிலையில் ஊர்தி அலைக்கும் (ஒலியைச் சுமந்து வரும் வானொலி அலை) அதன் பக்கப்பட்டைக்கும் (ஒலியால் அதன் அருகே உருவாகும் அலை) இடையிலுள்ள இடைவெளியே ஒலியாக வெளிவருவதால், வானொலியில் நிலையத்தைப் பிடித்த இடம் சற்றுத் தள்ளியிருந்தாலும் 600 ஹெர்ட்ஸ் என்பது 600 ஆகவே இருக்கும். ஒற்றைப் பக்கப்பட்டை நிலையில் வைத்தால், வானொலிக்குள் இருக்கும் அலையியற்றியின் பிழை அப்படியே ஒலியின் அதிர்வெண்ணில் கூடிவிடும். இரண்டாவது, வானொலி உங்கள் மேசையில் இருக்க வேண்டும். இணையம் வழியாகத் தொலைவிலுள்ள வானொலியைக் கேட்டால், ஒலி அங்கேயே சாம்பிள்களாக மாற்றப்பட்டு, இங்கே உங்கள் கார்டின் துடிப்பில் மீண்டும் ஒலிக்கிறது. நீங்கள் அளப்பது அப்போது உங்கள் கார்டையே அல்ல.

பதிவை ஆராயும்போது சாதாரண நிறமாலைப் படம் போதாது. 45 நொடிப் பதிவில் அதன் பகுதிறன் 0.022 ஹெர்ட்ஸ்தான், அது 600 ஹெர்ட்ஸில் 37 பிபிஎம் ஆகிறது. அதைவிட, தொடக்கத்தில் அலையின் கட்டம் (சுழற்சியில் அது நிற்கும் இடம்) என்ன, இறுதியில் என்ன என்று ஒப்பிடுவது மேல். 45 நொடிகளில் 27,000 சுழற்சிகள் கடக்கின்றன. கட்டத்தை ஒரு சுழற்சியின் நூறில் ஒரு பங்குக்கு அளக்க முடிந்தாலும், பிழை ஒரு பிபிஎம்முக்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் நேரத்துடிப்புக்காக ஒலி 40 மில்லிநொடி நிறுத்தப்படுவதால், நிறமாலையில் நடு முகட்டின் இருபுறமும் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறு முகடுகள் தெரியும். அவற்றைக் கண்டு குழம்ப வேண்டாம், நடு முகட்டையே கொள்ளுங்கள். அயனி மண்டலத்தில் அலை செல்லும் பாதை மாறும்போது கட்டமும் தாவும் என்பதால், ஒலி ஏறி இறங்கும் பகுதிகளை விலக்கிப் பல நிமிடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். 600 ஹெர்ட்ஸ் ஒலி 599.982 என்று வந்தால் உண்மையான சாம்பிள் ரேட் 48,000 × 600 ÷ 599.982, அதாவது 48,001.44.

சாலிடரிங் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதைவிட எளிய, நுட்பமான வழி ஜிபிஎஸ் மாட்யூல். நொடிக்கு ஒரு துடிப்பு தரும் முனை பல மாட்யூல்களில் இருக்கிறது. அந்தத் துடிப்பின் மின்னழுத்தத்தை இரண்டு மின்தடைகளால் குறைத்துக் கார்டின் லைன் உள்ளீட்டில் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், சதுரத் துடிப்புக்குப் பதிலாக மேலும் கீழுமாக இரண்டு கூர்முனைகள் தெரியும். உள்ளீட்டில் உள்ள மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால் அப்படி ஆகிறது. துடிப்பின் ஏறுமுகத்துக்குரிய முனையை மட்டும் எப்போதும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 நொடி இடைவெளியுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே 48,000,000 சாம்பிள்கள் இருக்க வேண்டிய இடத்தில் 48,001,440 இருந்தால் பிழை 30 பிபிஎம். ஒரு சாம்பிள் முன்பின் எண்ணினாலும் விடை 0.02 பிபிஎம் அளவே மாறும். மாட்யூல் செயற்கைக்கோள்களைப் பிடித்து நிலைகொண்ட பிறகே எண்ணத் தொடங்குங்கள். அதற்கு முன் சில மாட்யூல்கள் தரும் துடிப்பு அவற்றின் சொந்தப் படிகத்தினுடையது.

மூன்றாம் பதில்

வானொலியும் ஜிபிஎஸ் மாட்யூலும் இல்லாதவர்கள் இணைய நேரத்தை வைத்தே போதுமான விடை பெறலாம். கணினியின் கடிகாரத்தை என்டிபி (இணையம் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக ஒத்திசைய விட்டு, ஒரு மணி நேரம் பதிவுசெய்து, வன்பொருள் தந்த சாம்பிள்களின் எண்ணிக்கையைக் கடந்த நேரத்தால் வகுப்பதுதான் முறை. நேரக் குறிப்பில் 20 மில்லிநொடி தடுமாற்றம் இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் அது 6 பிபிஎம்முக்கும் குறைவான பிழையே. சுருதி வேலைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் இந்த முறை கவனமின்றிச் செய்தால் நம்பத்தகுந்தது போன்ற தவறான எண்ணைத் தரும். கணினியை இயக்கிய உடனே அளக்காதீர்கள். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மெல்ல இழுக்கும்போது என்டிபி நிரல் அதன் வேகத்தையே 500 பிபிஎம் வரை மாற்றக்கூடும், அந்த நேரத்தில் நீங்கள் அளப்பது கார்டின் பிழையை அல்ல. பதிவின் முதல் நிமிடத்தையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் தொடக்கத்தில் பஃபர் (தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவகம்) நிரம்பும் தாமதம் கணக்கைக் கெடுக்கும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள், என்டிபி திருத்தம் சேராத மூலக் கடிகாரத்தைத் தவறுதலாகப் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்தால் ஒரு படிகத்தை இன்னொரு படிகத்துடன் ஒப்பிட்டதாகவே முடியும்.

எந்த முறையானாலும், இயங்குதளத்தின் ஒலிக்கலவை அடுக்கைத் தாண்டி வன்பொருளை நேரடியாகத் திறந்து பதிவுசெய்யுங்கள். விண்டோஸில் ஏசியோ அல்லது வசாபியின் எக்ஸ்க்ளூசிவ் நிலையும், லினக்ஸில் அல்சாவின் நேரடிச் சாதனமும் அதற்கு உதவும். நடுவே இருக்கும் அடுக்கு 44,100 ஐ 48,000 ஆக மாற்றுவதால் மட்டும் சுருதி கெடுவதில்லை, அது 147க்கு 160 என்ற துல்லியமான விகிதம். ஆனால் இரண்டு சாதனங்களைச் சேர்த்து இயக்கும்போது சில ஒலி அடுக்குகள் ஒன்றின் வேகத்துக்கு மற்றொன்றை இடைவிடாமல் ஒத்துப்போகச் செய்யும். அப்போது நீங்கள் காணும் எண் எந்தப் படிகத்துக்கு உரியது என்றே சொல்ல முடியாது.

பெரிய பிழை வந்தால் படிகத்தின் மேல் சந்தேகப்படாதீர்கள். விலகல் சுமார் 147 சென்ட், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் என்றால், 44,100 இல் பதிவான கோப்பு எங்கோ 48,000 என்று படிக்கப்படுகிறது. பழைய வன்பொருளில் வேறு வகைப் பிழையும் உண்டு. தொடக்ககாலச் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளில் சாம்பிள் ரேட்டை நேரடியாகக் குறிப்பிட முடியாது. 10,00,000 ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் பெற வேண்டும். 22,050 கேட்டால் மிக அருகிலுள்ள முழு எண் 45, கிடைப்பதோ 22,222. அது 13 சென்ட்டுக்கும் மேற்பட்ட சுருதி உயர்வு, காதுக்கே தெரியும். அக்காலப் பதிவுகளை மீட்டெடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இணைய நேர முறையில் தொடங்கி, பிறகு ஜிபிஎஸ் மாட்யூலால் சரிபார்க்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. 48,000 இல் ஒருமுறை கண்டுபிடித்த பிழை 44,100க்கும் 96,000க்கும் பொருந்துமா? இன்டர்ஃபேஸை வேறொரு கணினியில் இணைத்தால் அதே எண்ணைப் பயன்படுத்தலாமா?

மூன்றாம் பதிலளித்தவர்

முதல் ஐயத்துக்கு விடை, சாதனத்துக்குள் எத்தனை படிகங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சில இன்டர்ஃபேஸ்களில் 48,000 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் படிகமும், 44,100 குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ் படிகமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் 512 ஆல் வகுத்தால் அந்த வீதங்கள் கிடைக்கின்றன. அத்தகைய சாதனத்தில் 48,000 இல் கண்ட பிழை 96,000க்கும் 192,000க்கும் பொருந்தும், 44,100க்குப் பொருந்தாது. ஒரே படிகத்திலிருந்து எல்லா வீதங்களையும் உருவாக்கும் சாதனத்தில் பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒரே பிழைதான். குடும்பத்துக்கு ஒருமுறை அளந்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது ஐயம் முக்கியமானது. யூஎஸ்பி ஒலிச் சாதனங்களில் அசிங்க்ரனஸ் வகையைச் சேர்ந்தவை தம் சொந்தப் படிகத்தில் ஓடி, எவ்வளவு வேகத்தில் தரவு வேண்டும் என்பதைக் கணினியிடம் தாமே சொல்கின்றன. அவற்றின் பிழை அவற்றுடனேயே செல்லும், எந்தக் கணினியில் இணைத்தாலும் எண் மாறாது. அடாப்டிவ் வகையைச் சேர்ந்தவையோ, ஒலியை வெளியிடும்போது கணினி அனுப்பும் தரவின் வேகத்தைப் பின்தொடர்கின்றன. அந்த வேகம் கணினியின் யூஎஸ்பி துடிப்பிலிருந்து வருவதால், அவற்றின் சுருதி கணினியின் படிகத்துக்கு உரியதாகிவிடுகிறது. யூஎஸ்பி தரநிலை அந்தத் துடிப்புக்கு 500 பிபிஎம் வரை விலகலை அனுமதிக்கிறது. நடைமுறையில் விலகல் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், கணினி மாறினால் மறுபடி அளக்கத்தான் வேண்டும். சாதனம் எந்த வகை என்பது அதன் யூஎஸ்பி விவரக்குறிப்பில் பதிவாகியிருக்கும். விவரம் கிடைக்கவில்லையென்றால், இரண்டு கணினிகளில் ஒரே முறையில் அளந்து, விடை ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் பதிலளித்தவர்

இதனுடன் வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் இயக்கிய சாதனம் சூடேறும்போது படிகத்தின் அதிர்வெண் சில பிபிஎம் நகரும், அதன் பிறகு நிலைகொள்ளும். அரை மணி நேரம் இயங்கவிட்ட பிறகு அளப்பது நல்லது. புதிய படிகங்கள் முதல் ஆண்டில் மேலும் சில பிபிஎம் நகரக்கூடும் என்பதால், கண்டுபிடித்த எண்ணுடன் அளந்த தேதி, சாம்பிள் ரேட், இணைத்திருந்த கணினி ஆகியவற்றையும் எழுதி வைத்து, ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.